லாரி முழுங்கிய ஓர் எழுத்து

உனக்கு எதுக்கு அதெல்லாம்?

போன வாரம் இந்தப் பத்தியில் கருவாட்டுக் குழம்பைப் பற்றி எழுதும்போது, பேச்சுவாக்கில் ‘நான் பதினொரு நாள் வாய் திறக்காமல் இருந்த சமயம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டேன். குழம்பை எப்படிக் கூட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாடாலூரிலிருந்து ஒரு அம்மணி கடிதம் போட்டிருக்கிறாள்: ‘பதினொரு நாள் ஏன் பேசவில்லை? உடம்புக்கா, கோபமா, வேண்டுதலா? விவரமாக எழுதவும்.’

விவரமாக எழுதணுமாம்! ஏம்மா, உன் வீட்டில் அடுப்பில் ஒன்றும் இல்லையா? கொடியில் துணி இல்லையா? ஒருத்தி வாயைத் திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றமா? அடுத்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் உனக்கு ஏன் கழுத்து நீளுகிறது?

சரி, கேட்டுவிட்டாய். சொல்கிறேன். ஆனால் படித்த கையோடு பக்கத்து வீட்டுக்காரியிடம் ஓடிப்போய்ச் சொல்லக் கூடாது. சொல்லத்தான் போகிறாய். எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதிதான்.

வெங்காயத் தாள் அறுத்த மத்தியானம்

சின்ன வெங்காயம் பிடுங்கி வந்து வீடெல்லாம் குவிந்து கிடந்த சமயம். கொல்லைப் பக்கம் சாக்கை விரித்து உட்கார்ந்து, அரிவாள்மனையில் தாள் அறுத்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். கண்ணெல்லாம் எரிச்சல். முன் அறையில் என் மருமகள் மலர்க்கொடியும் எஸ்தரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர் யாரென்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை தோறும் அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிற வேதக்கார அம்மா. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் ரெக்சின் பை, பைக்குள் வேதப் புத்தகம். வீடு வீடாகப் போவாள். சில வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள், சில வீட்டில் கதவைச் சாத்துவார்கள், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். எல்லோருக்கும் ஒரே சிரிப்பைத்தான் கொடுப்பாள். நாய்க்கும் அதே சிரிப்பு.

மலர் என் மகன் சேகரின் மனைவி. பி.காம். படித்தவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. நான் இதை ஒரே வரியில் எழுதிவிட்டேன். அவள் அந்த வரியைத் தூக்கிக்கொண்டு ஒன்பது வருஷம் இந்தத் தெருவில் நடந்திருக்கிறாள்.

எங்கள் ஊர் கீழப்பழுவூருக்குக் கொஞ்ச தூரம். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு ரெட்டிபாளையம் பக்கம் போகிற லாரிகள் எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் போகும். லாரி போனால் சன்னல் கம்பி நடுங்கும், அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நாங்கள் யாரும் அதற்காகப் பேச்சை நிறுத்த மாட்டோம். பாதி வார்த்தை லாரிக்கு, பாதி வார்த்தை காதுக்கு. அப்படி ஒரு லாரியை ஓட்டுகிறவன்தான் சேகர். அன்றைக்கு வந்தது அவனுடைய வண்டியாகக்கூட இருக்கலாம், யார் கண்டது?

லாரி வந்தது. தட்டுகள் அலறின. லாரி தாண்டிப் போன கையோடு எஸ்தரின் குரல் காதில் விழுந்தது.

“…விசேஷம், மலரு. நல்ல செய்தி. இத மனசுக்குள்ளயே பூட்டி வெக்கக் கூடாது. எல்லாருக்கும் சொல்லணும்.”

கொஞ்சம் பொறுத்து, தணிந்த குரலில், “கர்ப்பமானாங்க” என்று ஒரு வார்த்தை. அப்புறம் மலர் விசும்புகிற சத்தம்.

எங்கள் பக்கம் விசேஷம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாணமானவளிடம் ‘ஏதாச்சும் விசேஷம் உண்டா?’ என்று கேட்டால் தேர்த் திருவிழாவைப் பற்றியா கேட்கிறோம்?

என் கையிலிருந்த வெங்காயம் நழுவிக் கோழிக் கூண்டு வரைக்கும் உருண்டு போயிற்று.

கண்டக்டரும் பிரசங்கியும்

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால், இவள் சுவிசேஷம் என்ற வார்த்தையையே கேட்காத பட்டிக்காட்டுக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் கேட்காத பிரசங்கமா? சின்ன வயதில் வேனில் ஆர்மோனியப் பெட்டியோடு வருவார்கள். வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டுவார்கள். படத்தில் எல்லோருக்கும் தாடி. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கண்டுபிடிப்பதற்குள் படம் முடிந்துவிடும். சுண்டல் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

அப்புறம், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கழுத்தில் பேட்டரி மைக் மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர், “முடிவு நெருங்கிடுச்சு, மனந்திரும்புங்க!” என்பார். பக்கத்திலேயே கண்டக்டர், “ஜெயங்கொண்டம், ஜெயங்கொண்டம், கெளம்பப் போவுது, ஏறு ஏறு!” என்பார். எது முதலில் கிளம்பும் என்று தெரியாமல் நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த ஆளிடம் ஒரு தடவை தகராறு செய்திருக்கிறேன். “இந்த உலகத்துல எல்லாரும் பாவம்மா, எல்லாரும் பாவத்துல இருக்கறவங்க” என்றார். “ஆமாங்க, எல்லாருமே பாவந்தாங்க. யாரு நல்லா இருக்கா? உங்களப் பாத்தாலும் பாவமா இருக்கு. வெயில்ல நிக்கறீங்க, மோர் சாப்புடுறீங்களா?” என்றேன். அவர் வேறு பாவத்தைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர் மைக்கை அணைத்துவிட்டு மோர் குடித்தார்.

ஆகவே வார்த்தை எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒன்பது வருஷமாக ஒரே வார்த்தைக்குக் காத்திருந்த காது அது. லாரி ஓர் எழுத்தை முழுங்கியது. மிச்சத்தை வைத்து என் காது வீடே கட்டிவிட்டது.

எல்லாருக்கும் சொன்னேன்

மலரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாமியாரிடம் சொல்ல வெட்கப்பட்டு வெளியாளிடம் சொல்லியிருக்கிறாள், நாமாக அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பெரிய மனுஷி மாதிரி நினைத்துக்கொண்டேன். முதல் மூன்று மாசம் வெளியே சொல்லக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் அந்த வேதக்கார அம்மாவே எல்லாருக்கும் சொல்லணும் என்று சொல்லியாயிற்றே!

கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு எதிர் வீட்டுச் சரோஜாவிடம் போனேன். சரோஜாவிடம் சொன்னால் அதற்கப்புறம் நாம் நடக்க வேண்டியதில்லை. அவளே நடந்துவிடுவாள்.

எஸ்தர் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். அவள் குடை ரோட்டைத் தாண்டுவதற்குள் சரோஜா மாங்காயும் குங்குமமுமாக எங்கள் வாசலில் நின்றாள். பின்னால் நாலைந்து பேர்.

“மலரு, இந்தா, புளிப்பு மாங்கா. வாய்க்கு நல்லா இருக்கும்.”

“என்னக்கா திடீர்னு?”

“அடி கள்ளி, ஒளிக்காத. ஒங்க அத்தயே சொல்லிட்டாங்க. மொகத்துல களை தெரியுதே!”

சரோஜா குங்குமத்தை அள்ளி அவள் நெற்றியில் இட்டாள். மலர் கையில் மாங்காயை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தோஷம் இல்லை. இருந்தாலும் சிரித்துக்கொண்டு நின்றேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மசக்கைக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மலர் எல்லாவற்றையும் நின்று கேட்டாள்.

அவர்கள் போன பிறகு அடுப்படிக்கு வந்தாள்.

“அத்த, என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”

“நீ எஸ்தருகிட்ட சொன்னதத்தாண்டி. விசேஷம்னு…”

“நான் ஒண்ணும் சொல்லல அத்த. அவங்கதான் சொன்னாங்க. சு-விசேஷம். சுவிசேஷம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரிக்கலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் மாங்காயை அம்மி மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பை தயாராக இருந்தது. அவள் அம்மா வீடு பெரம்பலூர் பக்கம்.

“இப்ப இல்லன்னு ஒவ்வொரு வூடா போயி நான் சொல்லணுமா? இல்ல, ஆமான்னு தலைய ஆட்டிட்டு இருக்கணுமா? என்னால இந்தத் தெருவுல நடக்க முடியாது அத்த. எப்ப வருவேன்னு கேக்காதீங்க.”

சேகர் பையை வாங்கப் போனான். தரவில்லை. அவள் போன பிறகு பீரோவைத் திறந்து பார்த்தேன். இரண்டு சேலைதான் குறைந்தது. ஆனால் மேல் தட்டில் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த அவள் படிப்புச் சர்டிபிகேட்டுகள் இல்லை. பத்து நாள் தங்கப் போகிறவள் சர்டிபிகேட்டை எதற்கு எடுத்துப் போகிறாள்?

“ஒன் வாய வெச்சுக்கிட்டு சும்மாவே இருக்க மாட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு சேகர் வண்டிக்குப் போய்விட்டான். அவன் போன் செய்தால் மலர் எடுப்பாள். “அப்புறம் பேசலாம்” என்று வைத்துவிடுவாள். அது நாலு நாள், ஐந்து நாள் என்று ஓடிற்று. தெருக்காரர்களுக்கோ சந்தேகமே இல்லை. மாசமாக இருக்கிறவள் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

லாரி வந்தா நிறுத்து

அடுத்த சனிக்கிழமை எஸ்தர் வந்தாள்.

“ஸ்தோத்திரம்மா. மலர் இல்லீங்களா?”

“ஒன் ஸ்தோத்திரத்த வாசல்லயே வெச்சிட்டு உள்ள வா. ஒன்ன ரெண்டுல ஒண்ணு பாக்கணும்.”

வந்தாள். பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா எஸ்தரு, ஒங்க ஆளுங்களுக்கு வேற பேரே கெடைக்கலயா? நல்ல செய்தின்னா நல்ல செய்தின்னு வெக்கிறது. அதுல எதுக்கு விசேஷத்தக் கொண்டாந்து ஒட்டணும்? லாரி ரோட்டுல குடியிருக்கறவங்கள யோசிச்சுப் பாக்க வேணாமா?”

எஸ்தருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மலர் போய்விட்டதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. குடையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“நான் வந்ததாலதான் இப்படி ஆயிடுச்சு. இனிமே வரலீங்கம்மா.”

“அப்படியெல்லாம் தப்பிச்சுப் போவ முடியாது. அன்னைக்கி அவளுக்கு என்ன படிச்சியோ, அத எனக்கும் படி. நான் கேட்டுத்தான் ஆவணும். லாரி வந்தா நிறுத்து.”

புத்தகத்தை எடுத்தாள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள், இந்தப் பத்திகூட நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவதுதான். அந்தப் பொடி எழுத்து எனக்கு ஆகாது. ஆனால் படிக்கத் தெரியாதவளுக்குக் காது கொஞ்சம் பெரிது. (அதன் லட்சணத்தைத்தான் பார்த்தீர்களே என்று சிரிக்காதீர்கள்.)

சகரியா என்று ஒரு வயசானவர். கோயிலில் பூசை செய்கிறவர். அவர் சம்சாரம் எலிசபெத்து. இரண்டு பேரும் நல்லவர்கள். இங்கே வந்ததும் எஸ்தரின் குரல், வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல் ஓர் இறக்கம் இறங்கி ஏறிற்று.

“நில்லு. இப்ப எதையோ முழுங்கின.”

“ஒண்ணும் இல்லீங்கம்மா.”

“எட்டுப் பேருக்கு மூத்தவ நான். யாரு எத வாயில போட்டு முழுங்குனாலும் எனக்குத் தெரியும். என்னது அது?”

எஸ்தர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்தம்மாவுக்குப் புள்ள இல்லன்னு சொல்றதுக்கு ஒரு வார்த்தை போட்டிருக்குங்க. நம்ம பக்கம் திட்டறதுக்குச் சொல்ற வார்த்தை. மலர்கிட்ட வாசிக்கறப்ப அத வாசிக்கல. அப்படியே பழகிடுச்சு.”

“வேதத்துல கைய வெக்கலாமா?”

“வெக்கக் கூடாதுங்க. ஜெபத்துல மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“மன்னிச்சாரா?”

“பதில் வரல. ஆனா அடுத்த தடவையும் முழுங்கத்தான் போறேன்.”

எனக்கு அந்தப் பொம்பளையை அந்த நிமிஷம்தான் பிடித்தது. அவள் உயிராக வைத்திருக்கிற புத்தகத்தில் ஒரு வார்த்தையை என் மருமகளுக்காக முழுங்கியிருக்கிறாள். நான் என்ன முழுங்கினேன்? சோற்றைத் தவிர?

“சரி, மேல படி.”

“கோயில்ல தூபம் காட்டிட்டு இருக்கறப்ப தேவதூதன் வந்து, ஒங்களுக்குப் புள்ள பொறக்கும்னு சொல்றாரு.”

“தூபம்னா சாம்பிராணியா?”

“சாம்பிராணி மாதிரிதாங்க. இவரு நம்பல. இந்த வயசுலயான்னு கேக்கறாரு. நம்பாததால அவருக்கு வாய் அடைச்சுப் போயிடுது. புள்ள பொறந்து பேரு வெக்கிற வரைக்கும் கை சாடைதான்.”

“அந்தம்மா?”

“அவங்க கர்ப்பமானாங்க. ஆனதும் அஞ்சு மாசம் வெளிய வராம ஒளிஞ்சு இருந்துட்டாங்க.”

“ஏன்?”

“ஏன்னு வெவரமா எழுதலீங்க.”

“எழுதலன்னா என்ன, எனக்குத் தெரியும். தெருவுக்குப் பயந்துகிட்டுத்தான். இத்தன வருஷம் இல்ல இல்லன்னு பேசுன வாயி, இப்ப இருக்குன்னு பேச வரும். நிக்குமோ நிக்காதோன்னு பேசும். அந்த வாய்க்குப் பயந்துதான் உள்ள போயி ஒக்காந்துட்டா.”

எஸ்தர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை.

“அந்தப் பெரியவருக்கு வாய அடைச்சது தண்டனைன்னா சொல்ற? எனக்கு அப்படித் தெரியல. நம்பலன்னா அடைச்சாரு? இல்லம்மா. அந்த மனுசன் சந்தோசத்துல ஊரெல்லாம் போயி ஊதிருவாரு. சாமிக்கு அது தெரியும். பொண்டாட்டிய காப்பாத்தறதுக்குப் புருசன் வாயப் பூட்டி வெச்சிருக்காரு.”

ஒரு லாரி போயிற்று. தட்டுகள் பேசி முடித்தன.

“இருவது வருஷமா இத வாசிக்கறேன். இப்படி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லீங்கம்மா. நான் சொல்லிக் குடுத்துப் பழக்கம். கேட்டுப் பழக்கம் இல்ல” என்றாள் எஸ்தர். பைக்குள் தேடி ஒரு பென்சில் துண்டை எடுத்தாள். “எங்க கூட்டத்துல இத சொல்லலாமுங்களா?”

“சொல்லு. என் பேரச் சொல்லாத.”

பதினொரு நாள்

அவள் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். அந்தப் பெரியவருக்கு வாயை மூட ஆள் அனுப்பினார்கள். எனக்கு யார் வருவார்கள்? நான்தான் மூடிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒரு கணக்கும் இருந்தது. தெருவின் வாய்க்கு மெல்லுவதற்கு ஏதாவது வேண்டும். மலரைப் போட்டவள் நான். இப்போது என்னைப் போட்டால் அவளை விட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பேசவில்லை.

பால்காரருக்குக் கை சாடையில் அரை லிட்டர் காட்டினேன். ஒன்றரை லிட்டர் ஊற்றிவிட்டுப் போனார். சேகர் பயந்துபோய் அரியலூருக்கு டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் ‘ஆ’ சொல்லச் சொன்னார். சொன்னேன். ‘ஈ’ சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன். “ஒங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல, நீங்க குடுத்து வெச்சவரு” என்று சேகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

தெருவில் மூன்று கட்சி. பக்கவாதம் என்று ஒரு கட்சி. காத்து அடித்துவிட்டது என்று ஒரு கட்சி, அவர்கள் விபூதி கொண்டு வந்தார்கள். அந்த வேதக்கார அம்மா என்னவோ செய்துவிட்டாள், கிழவி மதம் மாறிவிட்டாள் என்று மூன்றாவது கட்சி. அதற்குத் தலைவி சரோஜா. நான் எல்லோருக்கும் தலையை ஆட்டினேன். சனிக்கிழமை வந்த எஸ்தருக்கும் தலையைத்தான் ஆட்டினேன். கேள்வி கேட்க ஆளில்லாமல் பிரசங்கம் சப்பென்று போய்விட்டது போலிருக்கிறது, பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு என்னோடு உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்தாள்.

வேடிக்கையாக ஆரம்பித்தது, நாள் ஆக ஆக வேடிக்கையாக இல்லை. பேசாமல் இருந்தால் காது என்னவெல்லாம் கேட்கிறது! குழாயடியில், பஸ்ஸில், மளிகைக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கேள்வியைக் கேட்கிறோம்! புதுசாகக் கட்டி வந்த பெண், ஊருக்கு வந்து போகிற பெண், யாரையும் விடுவதில்லை. கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கண் வயிற்றுக்குப் போய்விடுகிறது.

மற்றவர்களைச் சொல்கிறேனே, நான்? மாதா மாதம் அவள் தலைக்குக் குளித்துவிட்டு வருவதை ஓரக்கண்ணால் பார்த்து, “ம்” என்று ஒரு சத்தம் விடுவேன். அதைப் பேச்சு என்று நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. இப்போது எனக்குக் கேட்டது. அந்த ஒரு ‘ம்’ அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

பன்னிரண்டு மணி பஸ்

பதினோராம் நாள், புதன்கிழமை, பன்னிரண்டு மணி பஸ்ஸில் மலர் வந்து இறங்கினாள். சரோஜா போன் செய்திருக்கிறாள்: “ஒங்க அத்தைக்குப் பேச்சு நின்னு பத்து நாளாச்சு, ஒனக்குத் தெரியுமா தெரியாதா?” அவளுக்குத் தெரியாது. சேகர் சொல்லவில்லை. சொன்னால் அவளை வரவழைக்க நாடகம் போடுகிறோம் என்று நினைப்பாளோ என்று பயந்திருக்கிறான்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“என்னத்த, நெசமாவே பேச வரலயா? வாய் கோணலயே. கையத் தூக்குங்க பாப்போம். ரெண்டையும் தூக்குங்க.”

தூக்கினேன்.

“டாக்டர் என்ன சொன்னாரு? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அத்த! எதாச்சும் சொல்லுங்க அத்த!”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

“சாப்டியா?” என்றேன்.

அவள் என் தாடையை விட்டாள். இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

“நடிச்சீங்களா?”

“நடிக்கல. மூடிக்கிட்டு இருந்தேன். தப்புப் பண்ணது என் காது இல்ல மலரு, என் வாயி. ஒன்பது வருஷமா பண்ணியிருக்கு.”

மருமகளிடம் தப்பு என்று சொன்னது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.   மலர் பையைக் கீழே வைக்கவில்லை.

எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்டேன். “நீ அவங்க மதத்துல சேரப் போறியாடி? சேரறதுன்னா சேந்துக்க. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். அவகிட்ட ஒக்காந்து அழுதியே, எங்கிட்ட அழுவலயே?”

“சேரறதப் பத்தியெல்லாம் நான் இன்னும் நெனைக்கல அத்த. கேக்கப் புடிச்சிருக்கு, கேக்கறேன். இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து எல்லாரும் எங்கிட்ட விசேஷம் கேட்டாங்க. அவங்க ஒருத்தங்கதான் கேக்காம, சொன்னாங்க.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத்தான் பத்து நாள் பழகியிருந்தேனே.

“நான் இங்க இருக்கணும்னா ஒண்ணு செய்யணும் நீங்க. தெருவுக்குச் சொன்னத நீங்களே போயி இல்லன்னு சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன். அழுவக் கூடாது, கையெடுத்துக் கும்புடக் கூடாது. அதக் கேட்டுட்டு ஒருத்தரும் என்ன ‘அய்யோ பாவம்’னு பாக்கக் கூடாது. அப்படி யாராச்சும் பாத்தாங்க, சாயங்கால பஸ்ஸுக்குப் போயிடுவேன்.”

பையில் சர்டிபிகேட் கவரின் முனை தெரிந்தது. இன்னும் வெளியே எடுக்கவில்லை.

இல்லை என்று சொல்ல வேண்டும், பாவம் என்று பார்க்கவும் விடக் கூடாது. நான் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதெல்லாம் சும்மா போகிற போக்கில். இதற்கு ஒரு வேளைச் சோறு இறங்கவில்லை.

குழாயடி

நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் குடத்தோடு போனோம்.  ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாக் கண்ணும் முதலில் மலர் வயிற்றுக்குப் போய், அப்புறம் என் வாய்க்கு வந்தது.

சரோஜாதான் ஆரம்பித்தாள். “வந்துட்டியா மலரு! அங்கயே தங்கிக் கெடக்கக் கூடாது? பஸ்ல குலுங்கிட்டு… இப்ப எத்தன மாசம் ஆவுது?”

மலரின் கை குடத்தின் கழுத்தை இறுக்கிப் பிடித்தது. நான் விரலை மடக்கி எண்ணினேன். மெதுவாகத்தான் எண்ணினேன். பதினொரு நாளைக்கு அப்புறம் கிழவி வாய் திறக்கப் போகிறாள் என்று குழாயைக்கூட மூடிவிட்டார்கள்.

“நூத்தியெட்டு” என்றேன்.

“என்னாது?”

“நூத்தியெட்டு மாசம் ஆவுதுடி, இவ என் வூட்டுக்கு வந்து. ஒன்பது வருஷம், எண்ணிப் பாத்துக்க. இவ வயித்துல ஒண்ணும் இல்ல. லாரி சத்தத்துல நான் ஒண்ணக் கேட்டேன், ஒங்களுக்கு ஒண்ண ஊதினேன். நீங்க அத ஊரு பூரா ஊதினீங்க. செலவு மாங்காயோட போச்சு. இனிமே மாசக் கணக்கு வேணும்னா எங்கிட்ட வந்து கேளுங்க. அடுத்த மாசம் நூத்தி ஒன்பது. அதுக்கு அடுத்த மாசம் நூத்திப் பத்து. நான் இருக்கற வரைக்கும் சொல்லிட்டே இருப்பேன். யாருடி அது கொழாய மூடுனது? தொறந்து வுடு, நாங்க முன்னாடியே வந்து நிக்கறோம்.”